சீதனத் தொட்டி

நான் முன்னின்று நடத்திவைத்த கலியாணங்களில் இன்றுவரை முறைப்பாடு வராதது ஒன்றே ஒன்றுதான். மணமக்கள் இருவரும் மீன்கள்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவிக்குள் வந்து சேரும் நஞ்சுகள் மீன்களை என்ன செய்கின்றன என்று பார்ப்பது. வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் கண்கள் விரிய, "உங்கட வாவியில மீன் பாடுமாமே, கேட்டிருக்கிறீங்களா?" என்பார்கள். இத்தனை வருடமாக நான் கேட்டதெல்லாம் மீனின் ஈரல் அரைபடும் சத்தம்தான். ஈரலை அரைத்து, வடித்து, இயந்திரத்துக்குள் செலுத்தி, வயலுக்கு அடித்த மருந்து அதில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்த்துக் கட்டுரை எழுதுவேன். அந்தக் கட்டுரைகளை முழுதாக வாசித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அச்சுப் பிழை பார்த்தவர். மற்றவர் நான். நானும் நடுவில் சில பக்கங்களைத் தாண்டியிருக்கிறேன்.

பழுகாமத்துப் பக்கம், ஊரார் ஆறு என்று சொல்லும் வாவி ஓரிடத்தில் குடாவாக உள்ளே வளைகிறது. குடாவின் கரையில் மீனவர் வீடுகள். அதற்கு மேலே வட்டை, வரம்பு வரம்பாக விரிந்து கிடக்கும் வயல்நிலம். வட்டையில் வடியும் நீரெல்லாம் ஒரே வாய்க்கால் வழியாகக் குடாவுக்குள்தான் விழும். அந்தக் குடாவில் ஒரு காலத்தில் கொட்டிக் கிடந்த மீனை அங்கே செல்வன் என்பார்கள்; ஊருக்கு ஊர் பெயர் மாறும். உள்ளங்கை அகலத்தில் தட்டையான உடம்பு, கறுப்புப் பட்டைகள், உடம்பெல்லாம் முத்துக் கொட்டியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு முடியும்வரை யாரும் யாரோடும் சண்டை பிடிப்பதில்லை. ஆணும் பெண்ணும் சோடியாக நின்று முட்டையையும் குஞ்சையும் காவல் காக்கும் குடும்பஸ்த மீன் அது. கெட்ட காலம், விதைப்பு முடிந்து களை கொல்லும் புல்லெண்ணெயும் பூச்சி மருந்தும் அடிக்கும் நாட்களில்தான் அதன் குஞ்சுகள் குடாவின் ஓரத்தில் மேயும். பெரிய மீன் மருந்தைத் தாங்கிக்கொள்ளும். குஞ்சு தாங்காது. சில மாரிகள் இப்படிப் போனதில் குடாவில் கிழடுகள் மட்டுமே எஞ்சின.

இதையெல்லாம் நான் எழுதி முடித்து, வாசகர்கள் இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு, குடாவின் மீனவர் சங்கத் தலைவி ஒருநாள் காலையில் ஆய்வுகூடத்துக்கு வந்தார். ஐம்பதைத் தொடும் வயது. இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர். அதே கைப்பிடியில் சங்கத்து ஆண்களையும் வைத்திருப்பவர். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"சேர், நீங்க எங்கட மீன வெட்டி வெட்டிப் பாக்கிறீங்க. அது சரி. ஒரு மீன உண்டாக்கிக் காட்டியிரிக்கிறீங்களா?"

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். பதில் இல்லாத நேரங்களில் அதைத்தான் துடைப்பேன்.

அவர் வந்த காரியம் இதுதான். மாரி முடிந்ததும் குடாவுக்குள் விடுவதற்கு யப்பான் மீன்குஞ்சுகள் லொறியில் வரும், சங்கம் ஓம் என்றால் போதும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். யப்பான் என்பது திலாப்பியா. ஆபிரிக்காவில் பிறந்து எங்கள் ஊரில் யப்பான் என்று பெயர் வாங்கியது. எந்த அழுக்கிலும் பெருகும், எதையும் தின்னும், பக்கத்தில் யாரையும் இருக்கவிடாது. சங்கத்து ஆண்கள் அதற்குத் தயார். இவர் மறித்துவிட்டார்.

"மாரி முடியுமட்டும் குடாவுக்குள்ள ஒருத்தரும் வலை போடாதீங்க, செல்வனத் திருப்பிக் கொண்டாந்து காட்டுறன், இல்லாட்டி லொறிய நானே கைகாட்டி உள்ள எடுக்கிறன் எண்டு கூட்டத்தில சொல்லிப்போட்டன். அவங்களும் வலையக் கட்டிப்போட்டாங்க. இப்ப என்ர வாய நம்பித்தான் அத்தன வீட்டு அடுப்பும் இரிக்கு."

"எப்படித் திருப்பிக் கொண்டுவரப் போறீங்க, அக்கா?"

"அதக் கேக்கத்தான் சேர் வந்திரிக்கன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு ஏலாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடாவில் மிச்சமிருக்கும் கிழட்டுச் செல்வன்களைப் பிடித்து, தொட்டியில் குஞ்சு பொரிக்கவைத்து, மாரிக்குள் குடாவில் விடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் எனக்கு மீன் வளர்க்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது.

என்னோடு வேலை செய்பவர் காத்தான்குடிக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். இயந்திரங்களோடும் என்னோடும் ஒரே பொறுமையுடன் பழகுபவர். இருவருமாக ஆய்வுகூடத்தின் பின்பக்கத்தில் தொட்டிகள் அமைத்தோம். சட்டங்கள் கடுமையானவை. தொட்டிப் பக்கம் நுளம்புத்திரி கொளுத்தக்கூடாது. காற்றுப் பம்பி அந்தப் புகையை உறிஞ்சி நீருக்குள் ஊதிவிடும், நுளம்பைக் கொல்வது மீனையும் கொல்லும். நுளம்பெண்ணெய் பூசிய கையை நீரில் வைக்கக்கூடாது. அவருடைய அத்தருக்கும் தடை, என்னுடைய சவரக் களிம்புக்கும் தடை. ஆகவே அந்த வருடம் மட்டக்களப்பு மாவட்டத்து நுளம்புகளுக்குப் பின்னேர விருந்து எங்கள் தொட்டியடியில்தான் நடந்தது.

பிடித்து வந்த மீன்களை முதலில் பல வாரம் சுத்தமான நீரில் வைத்திருந்தோம், உடம்பில் ஏறியிருந்த நஞ்சு கொஞ்சமாவது கழியட்டும் என்று. அடுத்தது சோடி சேர்ப்பது. கூட்டமாக விட்டால் தாங்களாகவே சோடி சேரும் என்பது புத்தகம் சொல்லும் வழி. எங்களிடம் கூட்டம் இல்லை. குடாவே தந்தது ஒரு சின்னப் பந்திக்குப் போதுமான மீன்கள். ஆகவே பெற்றோர் பேசிச் செய்யும் முறையில் இறங்கினோம். ஆணுக்கு ஒரு தொட்டி கொடுத்து, உள்ளே முட்டை ஒட்டுவதற்கு உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து வைத்து, அது நன்றாகப் பழகியதும் பெண்ணைக் கொண்டுபோய் விட்டோம்.

விட்ட வேகத்தில் அது பெண்ணைச் சுவரோடு சுவராக அடித்தது. செட்டை கிழிந்தது. பெண்ணை அள்ளி எடுத்து வேறு ஆணிடம் விட்டோம். அங்கும் அதே வரவேற்பு. மூன்றாவது இடத்தில் பெண் சட்டிக்குள் புகுந்துகொண்டு வெளியே வர மறுத்தது.

"சேர்," என்றார் காத்தான்குடிக்காரர், "இது கலியாணம் இல்ல. பொலிஸ் கேஸ்."

தீனியை மாற்றினோம். உப்பைக் கூட்டினோம், குறைத்தோம். வெளிச்சத்தை மறைத்தோம். தலைவி வாரத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் "என்ன சேர், விசேஷம் ஏதும்?" என்று கேட்பார். புதுக் கலியாணம் முடித்த பிள்ளையிடம் மாமியார் கேட்கும் அதே தொனி. இல்லை என்று நான் சொல்லும் தொனியும் அந்தப் பிள்ளையுடையதுதான்.

இந்த நிலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. என் புத்தகங்களை வைக்க இடமில்லை. மண்டபத்தில் நிற்கும் மனைவியின் கண்ணாடி அலுமாரியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் ஒரு தட்டு போடலாம். தள்ளத் தொடங்கினேன். மனைவி குசினிக்குள் இருந்து வந்தாள்.

"என்ன செய்யிறீங்க?"

"கொஞ்சம் அரக்கி வைக்கிறன்."

"அது நிண்ட இடத்தில நிக்கட்டும். கலியாணம் முடிச்சு வந்து இத்தன வருசம், இன்னும் வீட்ட மாத்தத்தான் பாக்கிறீங்க. வந்தவர் வந்தவர் மாதிரி இரிங்களன்."

எங்கள் பக்கத்து வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். மட்டக்களப்பில் வீடும் வளவும் பெண்ணுக்கு. சீதனமாக வீட்டை மகளுக்கு எழுதிவிடுவார்கள். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவார். நானும் அப்படி வந்தவன். எனவே அலுமாரியை விட்டுவிட்டு, தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு என் மூலையில் போய் இருந்தேன். இருந்து யோசித்தேன். வெளியில் நான் அவ்வளவு சாது அல்ல. கூட்டங்களில் குரலை உயர்த்துபவன், பேருந்தில் மிச்சக்காசுக்குச் சண்டை பிடிப்பவன். இந்த வீட்டுக்குள் மட்டும் ஏன் இவ்வளவு அடக்கம்? அன்பு, பண்பு, வாசிப்பு என்று எனக்கு நானே பல காரணம் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. இது அவளுடைய இடம். அவ்வளவுதான்.

தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்தேன்.

"எங்க போறீங்க?"

"ஒரு மாப்பிள்ளைய வீடு மாத்தோணும்."

நாங்கள் செய்துகொண்டிருந்தது யாழ்ப்பாணத்திலும் இல்லாத, மட்டக்களப்பில் கேள்வியே படாத காரியம்: மாப்பிள்ளை வீட்டைக் கட்டிவைத்துவிட்டுப் பெண்ணை உள்ளே தள்ளுவது. இடத்துக்குச் சொந்தமான மீன்தான் சண்டைக்கு வரும், புதிதாக வந்தது ஒதுங்கும் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் உள்ள சங்கதி. அதை நான் வகுப்பில் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். கண்ணாடி அலுமாரி வந்து இடித்த பிறகுதான் அது உறைத்தது.

காயம் ஆறிய பெண்ணைப் புதுத்தொட்டியில் தனியாக விட்டோம். புதுச்சட்டி வைத்தோம். அது ஒரு கிழமை சட்டியைச் சுற்றி வந்து, கல்லைப் புரட்டி, மூலை மூலையாக மோந்து, வீட்டைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்த முரட்டு ஆண்களில் பெரியதைப் பிடித்து, ஒரு சட்டியில் ஏந்திக் கொண்டுபோய் உள்ளே விட்டோம்.

"காத்தான்குடியிலயும் இதுதான சேர் வழமை," என்றார் காத்தான்குடிக்காரர். "நானும் பொண்டாட்டிட ஊட்டிலதான் இரிக்கன். எனக்கு இது ஏன் தோணாமப் போச்சு?"

"நீங்க அலுமாரிய அரக்கப் பாக்கல்ல," என்றேன்.

ஆண் மீன் ஒரு மூலையில் போய் அசையாமல் நின்றது. மாமியார் வீட்டில் முதல்நாள் சோற்றுக்கு முன்னால் இருக்கும் முகம் எனக்குத் தெரியும். அந்த முகம் அதற்கு அப்படியே இருந்தது. பெண் ஒருமுறை வந்து பார்த்தது. வாலால் ஒரு தட்டுத் தட்டியது. ஆண் ஒதுங்கியது. அடுத்த நாளும் ஒதுங்கியது. மூன்றாம் நாள் இரண்டும் சேர்ந்து சட்டியின் உட்பக்கத்தை வாயால் துடைத்துக்கொண்டிருந்தன.

பிறகு ஒரு காலை காத்தான்குடிக்காரர் தொலைபேசியில் அழைத்து, "சேர், ஓடி வாங்க" என்று மட்டும் சொன்னார். ஓடினேன். சட்டியின் உட்பக்கம் முழுவதும் கடுகைத் தேனில் குழைத்துப் பூசியதுபோல் முட்டை. பெண் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தது. ஆண் வாசலில் காவல். நான் விரலை நீட்டியதும் பாய்ந்து கடித்தது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த விருதுகளில் முதன்மையானது அந்தக் கடி.

மற்றத் தொட்டிகளையும் இதே முறைக்கு மாற்றினோம். காத்தான்குடிக்காரர் ஒவ்வொரு தொட்டியிலும் கறுப்பு மையால் "வீடு பெண்ணுக்கு" என்று எழுதிவைத்தார். முட்டை பொரித்து, தாயைச் சுற்றிப் புகைபோலக் குஞ்சுகள் திரண்ட நாளில் தலைவியை அழைத்துக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"மாப்பிள்ள நல்ல அடக்கமான பிள்ள," என்றார். பிறகு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துவிட்டு, நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "உங்கட தொட்டியடியில சரியான நுளம்பு சேர்," என்றார்.

பாதி வெற்றி கிடைத்துவிட்டது. மறு பாதி வட்டையில் இருந்தது. குஞ்சுகளைக் குடாவில் விடும் காலமும் வயலுக்கு மருந்தடிக்கும் காலமும் ஒன்று. மருந்தடித்த நீரை உடனே வடியவிடாமல் சில நாள் வயலுக்குள்ளேயே கட்டிவைத்தால், வெயிலும் மண்ணும் சேர்ந்து நஞ்சில் பெரும்பகுதியை முறித்துவிடும். அதற்கு விவசாயிகள் சம்மதிக்க வேண்டும். வரம்பில் நீர் வடியும் வாயான வக்கடையைத் திறப்பதும் கட்டுவதும் வட்டை விதானையின் பொறுப்பு. அவரையும் விவசாயிகளையும் மீனவர் சங்கக் கட்டடத்துக்கு அழைத்தோம்.

நான் இரண்டு போத்தல்களோடு போனேன். ஒன்றில், முந்தி விதைத்த வேறொரு வயலில் பூச்சி மருந்து அடித்த அன்று எடுத்த நீர். மற்றதில், அதே வயலில் கட்டிவைத்து ஒரு கிழமைக்குப் பின் எடுத்த நீர். தலைவி அன்று காலை பிடித்த கூனி இறால்களை இரண்டிலும் விட்டோம். எல்லோருக்கும் பிளேன்ரீ வந்தது. குடித்து முடிப்பதற்குள் முதல் போத்தலில் கூனிகள் கவிழ்ந்துவிட்டன. மற்றதில் துள்ளிக்கொண்டிருந்தன. எல்லோரும் போத்தல்களையே பார்த்தார்கள். அதோடு நான் விட்டிருக்கலாம். மழை வந்து நீரைத் திறக்க வேண்டி வந்தால் பாய் பின்னும் பன் புல் வளர்ந்த சதுப்பு வழியாக விடலாம், பன்னின் வேரும் சேறும் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்று ஒரு சிறு விரிவுரை தொடங்கினேன். நாலாவது வசனத்தில் பலர் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். நிறுத்திக்கொண்டேன்.

விதானை எழுந்தார். நல்ல மனிதர், நெடிய உருவம். "சேர், போத்தல் சரி. ஆனா மழ கொட்டினா வக்கடையத் துறக்காம எப்புடி? பயிர் மூழ்கி அழுகினா ஆர் பொறுப்பு?"

அவருக்குப் பதிலைத் தலைவி சொன்னார். விதானை அவருடைய தங்கையின் கணவர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மச்சான், நீ இரிக்கிற வீடு ஆர்ர வீடு?"

விதானை கூரையைப் பார்த்தார். "உங்கட தங்கச்சிட வீடு, மச்சாள்."

"அந்த வீட்டுச் சட்டிக்குள்ள வாற மீன் எந்த ஆத்து மீன்?"

"இந்த ஆறுதான்."

"அப்ப வட்டையில அடிக்கிற எண்ணெயில கொஞ்சத்த நீ சோத்தோட தின்னுறாய். என்ர தங்கச்சிக்கும் குடுக்கிறாய். அதுக்கு வாய்க்கால், ஆறு, மீன் எண்டு ஏன் மச்சான் இவ்வளவு தூரம் சுத்துறாய்? போத்தலால நேர ஊத்திக் குடியன்."

கட்டடம் சிரிப்பில் அதிர்ந்தது. விதானையும் சிரித்தார். வட்டையில் வேலை செய்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் குடாக்கரையில் பெண் எடுத்து, பெண்வீட்டில் இருப்பவர்கள் என்பது அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புரிந்தது. மருந்தடித்தால் ஒரு கிழமை வக்கடை கட்டப்படும் என்று முடிவாயிற்று.

குஞ்சுகளை வாய்க்கால் வாயிலேயே ஒரு வலைக்கூட்டுக்குள் விட்டோம். நஞ்சு வந்தால் முதலில் அங்குதான் தெரியும். அவை பிழைத்தால் குடா பிழைக்கும். செத்தால் தலைவி லொறிக்குக் கைகாட்ட வேண்டும். கணக்கு எல்லோருக்கும் தெரியும். தினமும் பின்னேரம் கரையில் ஆட்கள் கூடினார்கள். தலைவி மட்டும் கூட்டைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார்.

மருந்தடித்த மூன்றாம் நாளே மழை பிடித்தது. சும்மா மழையல்ல, தகரக் கூரையில் பேச்சுக் கேட்காத மழை. பகல் பதினொரு மணிபோல விதானை தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், தண்ணி பயிருக்கு மேல ஏறுது. இனிக் கட்ட ஏலா."

அவருடைய பயிரை அழுகவிடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? "சரி," என்றேன். தொலைபேசியை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தேன்.

நானும் காத்தான்குடிக்காரரும் மழைக்குள்ளேயே குடாவுக்குப் போனோம். தலைவி கரையில் நனைந்தபடி நின்றார். வாய்க்காலில் நீர் வரவில்லை. காத்திருந்தோம். அப்போதும் வரவில்லை. மேலே ஏறிப் பார்த்தால், வட்டையின் அடிப்பள்ளத்தில் இருபது முப்பது பேர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள். விதானை வாய்க்காலை மறித்து, வடிநீரைப் பக்கத்துப் பன் காட்டுக்குள் திருப்பிக்கொண்டிருந்தார். அது விதைக்காத நிலம், அவருடைய மனைவியின் சீதனக் காணி. அந்த அம்மா குடையோடு வரம்பில் நின்று, எங்கே வெட்ட வேண்டும் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நீங்கதான சொன்னீங்க சேர்," என்றார் விதானை, முகத்துச் சேற்றைத் துடைத்தபடி. "பன் தண்ணியக் கழுவும் எண்டு. காணிக்காரியிட்டக் கேட்டன், ஓம் எண்டிட்டா."

என் வாழ்க்கையில் மூன்றாவது வாசகர். கட்டிப்பிடித்திருப்பேன்; அவர் கையில் மண்வெட்டி இருந்தது.

பன் காட்டைச் சுற்றிவந்த நீர் அடுத்த நாள்தான் மெதுவாகக் குடாவுக்குள் இறங்கியது. அதற்கு மறுநாள் காலை, மழை விட்ட கரையில் ஊரே நின்றது. மீனவர் ஒரு பக்கம், வட்டைக்காரர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கப் பார்த்தார்கள். எல்லோரும் மச்சான், மாமன் ஆனபடியால் முடியவில்லை. தலைவி இடுப்பளவு நீரில் இறங்கினார். வலைக்கூட்டின் ஒரு மூலையைப் பிடித்தார். கொஞ்ச நேரம் பிடித்தபடியே நின்றார். பிறகு தூக்கினார்.

வலை கொதித்தது. நகக்கண் அளவு குஞ்சுகள், ஒவ்வொன்றும் வெயிலில் மின்னி, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து துள்ளின.

"சேர்! உசிரோட! எல்லாம் உசிரோட!" என்று தலைவி கத்தினார்.

யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். விதானையை மீனவர்கள் தூக்கி ஆற்றுக்குள் போட்டார்கள். காத்தான்குடிக்காரர் பரிசோதனைக்கு நீர் எடுக்கக் கொண்டுவந்த போத்தல்களை மறந்துவிட்டு, உடுப்போடு இறங்கித் தலைவிக்கு வலை பிடித்தார். பிறகு நான் எடுத்துப்போன நீரை ஆய்வுகூடத்தில் பார்த்தபோது மருந்து சொற்பம்தான் இருந்தது. நான் முடிவை வாசித்துச் சொல்ல முன்பே சங்கம் கூடி, யப்பான் வேண்டாம் என்று ஒருமனதாக எழுதிக் கொடுத்துவிட்டது. இன்று குடாவின் ஓரத்தில் நின்று பார்த்தால், எஞ்சியிருந்த கிழட்டுச் சோடிகளும் குஞ்சுக் கூட்டத்தோடு திரிவது தெரியும். வக்கடை கட்டுவது இப்போது வட்டையின் வழக்கம். பன் காடு வட்டையின் பெருமை. அதைப் பார்க்க வேறு ஊர் விவசாயிகள் வருகிறார்கள். விளக்கம் கொடுப்பவர் விதானை. நான் பின்னால் நின்று தலையாட்டுவேன்.

வெற்றி விருந்து விதானையின் மனைவி வீட்டில் நடந்தது. விதானை, காத்தான்குடிக்காரர், நான் மூவரும் வரிசையாகப் பாயில் அமர்த்தப்பட்டோம். தேங்காய்ப்பால் மணத்தது. எனக்கு வாயூறியது. தலைவி குழம்பைக் கொண்டுவந்து ஊற்றினார். கரண்டியில் எழுந்து வந்தது யப்பான்.

"அக்கா, இதென்ன?"

"சந்தையில வாங்கின. குடாவில இன்னும் ஒரு வருசத்துக்கு வலை போடக்கூடாது எண்டு நேத்துத்தான் முடிவெடுத்த நாங்க. குஞ்செல்லாம் வளரோணுமே." அகப்பையைத் திரும்பவும் சட்டிக்குள் விட்டார். "நீங்க பெத்து வளத்த பிள்ளையள நீங்களே தின்னவா போறீங்க? தின்னுங்க சேர். வந்த வீட்டில குடுத்ததத் தின்னோணும்."

தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.